சந்தின் மேல் நட்ட மரங்கள்

வத்திப்பெட்டிச் சந்து முனையில் அந்த பேனரைக் கட்டிய அன்று காலையில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பின்னால் நடந்ததை வைத்து அதை மறைக்கக் கூடாது. பழைய பம்ப் ரூம் இருந்த காலி மனையில் பொது நூலகம் வரப்போகிறதாம். மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். மயிலாப்பூரில் நல்லதெல்லாம் கோயிலைச் சுற்றித்தான் வரும், கால்வாய் ஓரத்துக்குக் கொசுதான் வரும் என்று பேசியே பழகிய எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று.

நான் அந்தச் சந்துக்காரி இல்லை. எதிர்ச்சாரியில் மாடிக் குடித்தனம். ஆனால் சந்துக்குள் அமீனா பீ சமோசா பட்டி போடுவதால் அங்கே போகாத வாரம் கிடையாது. மைதாவைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நடுவே எண்ணெயும் மாவும் தடவி அடுக்கி, தோசைக்கல்லில் ஒரு வாட்டு வாட்டி, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாக உரிப்பார். லஸ் பக்கத்து டீக்கடைகளில் நீங்கள் கடிக்கிற சமோசாவின் மேல்தோல் அந்த அம்மாள் விரல் பொறுத்த சூடு. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. மகன் வாஜித் ஈக்காட்டுத்தாங்கலில் பேனர் அச்சடிக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். மருமகள் மஹ்விஷ் அபிராமபுரத்தில் ராஜகோபாலன் என்கிற ஆர்க்கிடெக்டின் ஆபீஸில் கம்ப்யூட்டரில் பிளான் வரைகிறாள்.

பேனரில் இருந்த படம் மஹ்விஷ் வரைந்தது. அச்சடித்தது வாஜித். சந்தில் யாருக்கும் இது தெரியாது. அமீனா பீக்கே தெரியாது. கட்டி முடித்ததும் சொல்லிப் பெருமைப்படலாம் என்று மஹ்விஷ் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் மீன்காரி சொர்ணம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

"யாரும்மே இந்த வெள்ளக்காரி? நம்ம சந்தாண்ட நாய புட்சிக்கினு போறா?"

எல்லோரும் சிரித்தோம். நிஜந்தான். படத்தில் பொன்னிற முடிக்காரி ஒருத்தி நாயோடு நடந்தாள். பலூன் வைத்த குழந்தை ஒன்று ஓடியது. நம்மூர் முகம் மருந்துக்கும் இல்லை.

"தண்ணி டேங்கு கீது. டிரான்ஸ்பாரம் கீது. அண்ணாச்சி கடை போர்டு கூட கீது," என்று விரல் வைத்துக்கொண்டே போன சொர்ணம் சட்டென்று நின்றாள். "பீம்மா, நம்ம சந்து எங்க கீது?"

அமீனா பீ கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இங்கதான் இருக்கும்... அரே, இன்னா மரமா கீது?"

"மரத்துக்குப் பின்னால இருப்போமா?"

"பின்னால கால்வா தெரிதே. கட்டடம், மரம், கால்வா. நடுவுல நாம எங்க?"

சிரிப்பு அடங்கிப் போயிற்று. யாரோ பின்னாலிருந்து "பெரும்பாக்கம்" என்றார்கள். அவ்வளவுதான். கால்வாய் ஓரத்துச் சனங்களுக்கு அந்த ஒரு சொல் போதும். சொர்ணத்தின் அக்கா குடிசையை இடித்து, குடும்பத்தை அப்படித்தான் தூக்கி ஊருக்கு வெளியே அந்த அடுக்குமாடியில் வைத்தார்கள். மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் இரண்டு பஸ் மாறி வருவதற்குள் மீன் நாறிப்போகும் என்று, அக்கா இப்போது வீட்டு வேலைக்குப் போகிறாள். அமீனா பீக்கும் அதே கணக்குதான். சூடு ஆறாத பட்டியை லஸ்ஸுக்கு நடந்து கொண்டுபோய்க் கொடுப்பவர் பெரும்பாக்கத்திலிருந்து எதைக் கொண்டுவருவார்?

மஹ்விஷ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூட்டத்திலிருந்து நழுவி வீட்டுக்குள் போய்ப் பானையருகே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தொழிலில் அது எல்லோரும் செய்கிற காரியம் என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். கட்டடத்தை மட்டும் வரைந்தால் அனுமதி கொடுப்பவர்களுக்கு ரசிக்காது என்று, மேலிருந்து எடுத்த போட்டோவில் கட்டடத்தை ஒட்டவைத்துப் பார்வைக்கு ஒரு படம் செய்வார்கள். "சுத்தி இருக்கறதைக் கொஞ்சம் சுத்தமாக்கிடும்மா," என்பார் ராஜகோபாலன். குப்பைத்தொட்டி, ஒயர், தகரக்கூரை எல்லாவற்றின் மேலும் மரம் விழும். ஒட்டுவதற்கு மரப் படமும் மனிதர் படமும் வெளிநாட்டில் செய்தது கட்டுக் கட்டாகக் கிடைக்கும். போட்டோவில் மஹ்விஷ் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். நீலத் தார்ப்பாய், அதன் மேல் செங்கல், கயிற்றில் மாமியாரின் நைட்டி. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் மரத்தை அவசரமாகத் தன் வீட்டின் மேல்தான் வைத்தாள். பிறகு சந்து பூராவும் வைத்தாள்.

எங்கள் மாடிக்காரர்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மரம் வந்தால் காற்று வரும், வீட்டுக்கு விலை ஏறும் என்றார்கள். சந்து எங்கே என்று எங்கள் கட்டடத்தில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

வாஜித் சாயங்காலம் வந்ததும் அமீனா பீ பிடித்துக்கொண்டார்.

"நீ அடிச்ச பேனராமே? மூலையில உங்க பட்டறை பேரு கீதே!"

"ஆமா அம்மி. நான்தான் ஓட்டினேன்."

"உன் ஊடு இல்லாதது உன் கண்ணுக்குத் தெரியல?"

"அம்மி, நான் பிரிண்ட் போடுற ஆளு, படம் பாக்குற ஆளு இல்ல. கலரு ஒழுங்கா வுழுதா, நடுவுல கோடு வுழுதா, அத்த மட்டும்தான் பாப்பேன். ஒரு நாளைக்கு எத்தினி மூஞ்சி, எத்தினி காதுகுத்து..."

"யா அல்லா! பெத்த ஊட்ட உருட்டி சுருட்டி தோள்ல தூக்கிக்கினு வந்து கட்டிக் குடுத்துக்கீறான் பாரு என் புள்ள!"

மஹ்விஷ் தலை நிமிராமல் பட்டி உரித்துக்கொண்டிருந்தாள். வாஜித் அவளை ஒரு பார்வை பார்த்தான். படம் அவள் ஆபீஸிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். காட்டிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு சந்தில் பயம் குடியேறிவிட்டது. ஐப்பசி பிறக்கப் போகிறது, வானம் காலையிலிருந்தே கறுத்துப் புழுங்குகிறது, வழக்கமாக இந்நேரம் கூரைக்குப் புதுத் தார்ப்பாய் போடுவார்கள். ஒருவரும் போடவில்லை. "எதுக்கு? அவன் இடிக்கறதுக்கா?" என்றார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு யாராவது நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். அமீனா பீ எண்ணெயைச் சில்லறையாக வாங்க ஆரம்பித்தார். நான் கேட்டதற்கு, "டின்னு வாங்கினா தூக்கிக்கினு போவணும்ல," என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மஹ்விஷ் ஒருநாள் துணிந்து ராஜகோபாலனிடம் கேட்டாள். நல்ல மனுஷர்தான். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை என்று அவளே சொல்வாள்.

"சார், நூலகத்துக்குப் பக்கத்துல இருக்கற வீடுங்க... எடுத்துடுவாங்களா?"

"சேச்சே, யார் சொன்னா? அது சும்மா பார்வைக்குப் பண்ணின படம்மா. நம்ம சைட் காம்பவுண்டோட சரி. ஏன், என்னமோ மாதிரி இருக்கே? காபி சாப்டறியா?"

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டுக்குக் கறி வாங்கிக்கொண்டு போனாள். எல்லாம் வதந்திதான் அம்மி, எங்க ஆபீஸ்ல கேட்டேன் என்றாள். அமீனா பீ சொர்ணத்திடம் சொல்ல, சொர்ணம் சந்து பூராவும் சொல்ல, இரண்டு வீட்டில் தார்ப்பாய்கூட ஏறியது.

அடுத்த வாரம் ராஜகோபாலனே அவள் மேஜைக்கு வந்தார். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி சங்கடம்.

"அனுமதி குடுக்கற கமிட்டியில நம்ம படத்தைப் பாத்துட்டு ஒரேயடியா பாராட்டினாளாம். பில்டிங்கைக் கூட இல்லை, அந்த மரங்களை! நூலகம்னா இப்படித்தான் பச்சையா இருக்கணும், அந்த இடத்தையும் சேத்துப் பூங்காவாக் காட்டுங்கோன்னுட்டா. நீ சைட் பிளான்ல அந்தச் சந்து மேல மஞ்சள் போட்டுடு."

பிளானில் புதிதாகக் கட்டுவது சிவப்பு, ஏற்கெனவே இருப்பது கறுப்பு, இடிக்கப் போவது மஞ்சள். மஹ்விஷ் எத்தனையோ முறை போட்டிருக்கிறாள். இரண்டு சொடுக்குதான். அவள் மவுஸின் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், அது என் வீடு."

"எது?"

"அந்தச் சந்து. மூணாவது வீடு. நான் வெச்ச மரத்துக்கு அடியில என் மாமியார் இருக்காங்க சார்."

ராஜகோபாலன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "ஈஸ்வரா! நீ எங்கயோ ஃப்ளாட்ல இருக்கேன்னுன்னா நினைச்சுண்டிருந்தேன். ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"வெக்கமா இருந்தது சார்."

அவருக்கும் பயம் வந்துவிட்டதை அவள் பார்த்தாள். படத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அங்கே வெறும் இடந்தான் என்று அவர் காட்டியாகிவிட்டது. இப்போது வீடு இருக்கிறது என்றால், அன்றைக்கு ஏனய்யா மறைத்தாய் என்பார்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து யோசித்தார்.

"ஒண்ணு பண்ணலாம். இருக்கறதை இருக்கறபடி அளந்து ஒரு பிளான் வேணும், அது இல்லாம மஞ்சள் போட முடியாதுன்னு எழுதறேன். நம்ம சர்வேயர் ஸ்ரீநாத்தை அனுப்பறேன். பிளான்ல வீடுன்னு ஏறிடுத்துன்னா, அங்க இருக்கறவாளைக் கூப்பிட்டுக் கேக்காம கை வைக்க முடியாது. நிக்குமான்னு எனக்குத் தெரியாது மஹ்விஷ். என்னால முடிஞ்சது இவ்வளவுதான். ஆனா சந்துக்காரா அளக்க விடணும். துரத்திட்டான்னா ஒண்ணும் பண்றதுக்கில்லை. வெறும் இடம்னே போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அமீனா பீ கல்லில் போட்ட பட்டி கருகும் வரை அசையவில்லை.

"உன் கையாலயா?"

"ஆமா அம்மி."

"என் நைட்டி தெரிஞ்சா உனுக்கு மானம் போவுதா?"

அமீனா பீ கரண்டியை ஓங்கினார். ஓங்கிய கையோடு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொர்ணத்துக்குத் தெரிஞ்சா நம்மள உயிரோட உரிச்சுடுவா. வேலியே பயிர மேஞ்ச கதையா போச்சே பேட்டி, என் மவளே. வாய தொறக்காத. யாராண்டயும் தொறக்காத."

"அளக்க வருவாங்க அம்மி. அப்ப சண்ட வந்தா?"

"வராது. இன்ஷா அல்லா, வராது."

வந்தது. ஸ்ரீநாத் தோளில் அளவுக் கருவி வைக்கிற முக்காலியும் கையில் டேப்புமாகச் சந்துக்குள் காலை வைத்ததுதான் தாமதம், குறுக்கே பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிவிட்டார்கள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. நான் என் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

"இன்னா நைனா, எங்க வூட்ட எத்தினி அடி ஆழத்துல பொதைக்கணும்னு அளக்க வந்தியா?" என்று சொர்ணம் மீன் அரிவாளோடு நின்றாள்.

"அக்கா, நான் அளக்கற ஆளுக்கா. இடிக்கற ஆளு இல்ல."

"மொத நீ வருவ. பின்னாலியே அவன் வருவான். தெரியாதா எங்களுக்கு? எங்கக்கா வூட்டாண்டயும் உன்ன மாதிரிதான் ஒருத்தன் சிரிச்சிக்கினே வந்தான். போய்க்கினே இரு!"

ஸ்ரீநாத் பின்வாங்கினான். வேலைக்காரப் பையன் யாரும் கூட வரவில்லை, ஒற்றை ஆள். முக்காலியைத் திரும்பத் தோளில் ஏற்றினான். மஹ்விஷ் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். அமீனா பீ அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். இவன் போய்விட்டால் நாளைக்கு மஞ்சள். அவளுக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் அது தெரியும். தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அவள் கையை உதறிக்கொண்டு குடங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

"சொர்ணக்கா, அவர விடுங்க. அந்தப் படத்த வரைஞ்சது நான்தான்."

"இன்னா?"

"பேனர்ல இருக்கற மரமெல்லாம் நான் வெச்சது. அழகா இருக்கட்டும்னு வெச்சேன். நம்ம கூரை தெரிஞ்சா வெக்கமா இருந்தது, அதனால மறைச்சேன். அத நெசம்னு நம்பி அங்க பூங்கா போடச் சொல்றாங்க. இவரு அளந்து நாம இருக்கோம்னு காட்டினாத்தான் கூப்பிட்டாவது கேப்பாங்க. இவர அனுப்பிட்டா நாம இல்லவே இல்லன்னு ஆயிடும். அப்புறம் என்ன அடிங்க. மொதல்ல அளக்க விடுங்க."

சொர்ணம் கிட்டே வந்தாள். அரிவாள் கையில்தான் இருந்தது. அமீனா பீ, "சொர்ணம், சொர்ணம், உன் கால புடிக்கிறேன்," என்று ஓடி வந்தார்.

"உன் வூட்டையும் சேத்தா அழிச்ச?" என்றாள் சொர்ணம்.

"அதத்தான்க்கா மொதல்ல அழிச்சேன்."

சொர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காறித் துப்பினாள், அவள் மேல் அல்ல, பக்கத்தில். "த்தூ! படிச்சிக்கீறா. நாங்க இன்னாடி பண்ணோம் உனுக்கு?" என்றாள். பிறகு காலால் ஒரு குடத்தைத் தள்ளிவிட்டாள். "யோவ், வா. மொத இவ வூட்ட அள."

டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லாததால் மஹ்விஷே பிடித்தாள். ஸ்ரீநாத் அட்டையில் கட்டம் போட்டு அளவு குறித்தான். கட்டத்துக்குள் ஒரு சொல்லை எழுதினான். மஹ்விஷ் எட்டிப் பார்த்தாள். ஷெட்.

"சார், ஷெட்னு போட்டிருக்கீங்க."

"தகர ஷீட்டு கூரை, கான்கிரீட் தளம் இல்ல. ஷெட்டுதாம்மா. எங்க வழக்கம் அது."

ஷெட் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஷெட்டின் மேல் மஞ்சள் போட எந்த ஆபீஸிலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவளே கேட்டதில்லை.

"வீடுன்னு போடணும்னா என்ன வேணும் சார்?"

அவன் சந்தையும் தூறலையும் பார்த்தான். அவனுக்கும் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகவேண்டும். "உள்ள அடுப்படின்னு ஒண்ணு இருக்கணும். சமைக்கறாங்க, குடியிருக்காங்கன்னு நான் பாத்திருக்கணும். அப்பதான் எழுத முடியும்."

"வா, பாரு," என்று அமீனா பீ திரைத்துணியை விலக்கினார். "இதோ அடுப்பு. இதோ கல்லு. ஷெட்ல எவளாவது நாப்பது வருசமா வேவுறாளா? எழுது!"

அவன் பார்த்தான். ஷெட் என்பதை அடித்துவிட்டு வீடு என்று எழுதினான்.

மஹ்விஷ் வாசலுக்கு வந்து சந்தைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தகரத்துக்குக் கீழே உள்ளே சமைத்தால் வெந்துபோவோம் என்று சந்தில் பாதி வீட்டில் அடுப்பு வாசலில்தான் இருந்தது. 

"சொர்ணக்கா! அடுப்பு! உள்ள தூக்கிட்டுப் போங்க! எல்லாரும்!"

ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. சின்ன சிலிண்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, கொதிக்கிற குழம்போடு அடுப்பைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு ஒருத்தி. வாஜித் பட்டறைக்குக் கிளம்பிய சட்டையோடு இரண்டு கையிலும் அடுப்பு வைத்துக்கொண்டு ஓடினான். நான் ஒரு கிழவரின் சிலிண்டரைத் தூக்கினேன். யாரும் அழவில்லை, கத்தவில்லை. பாத்திரம் இடிபடுகிற சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும்தான். ஒருத்தி நெருப்புப்பெட்டியைத் தூறலில் நனைத்துவிட்டு, நெருப்பு, நெருப்பு என்று வீடு வீடாகக் கை நீட்டினாள். ஸ்ரீநாத் அட்டையைக் குனிந்து பார்த்தபடியே நடந்தான். நிமிரவில்லை. அதற்கு அவனுக்குப் புண்ணியம்.

சொர்ணத்தின் அறையில் நுழைந்தபோது கட்டில் காலுக்கும் மீன்கூடைக்கும் இடையில் அடுப்பு எரிந்தது. மேலே பானை. சொர்ணம் வேர்த்து விறுவிறுத்து அதன் முன்னால் குந்தியிருந்தாள்.

"இன்னாக்கா சமையல்?" என்றான் ஸ்ரீநாத்.

"சோறு."

அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். மஹ்விஷும் பார்த்தாள். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சொர்ணம் அந்தத் தண்ணீரைக் கரண்டியால் கிண்டினாள்.

"எழுதிக்கோ நைனா," என்றாள். "சமைச்சிக்கினுதான் கீறேன்."

அவன் எழுதினான். மஹ்விஷ் வாசலுக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்த்தாள். அங்கே சிலிண்டர் நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றது. அவள் சிக்கே இல்லாத டேப்பைத் தரையில் விட்டு, சிக்கல் விழுந்துவிட்டது என்று ஸ்ரீநாத்திடம் சொல்லி, அதை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள்.